ஐடிலில் எஞ்சின் உதறுகிறதா? ஏர் ஃப்ளோ சென்சார் கேள்வி பதில்

கடைசிக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள்.

கேள்வி: சார், வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) நிற்கும்போது எஞ்சின் உதறுகிறது, ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடுகிறது. ஸ்கேன் செய்ததில் பி0101 என்ற எர்ரர் கோட் வந்தது. மேஃப் சென்சாரை (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சென்சார் காட்டும் காற்றளவு எதிர்பார்த்த அளவோடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் அந்த எர்ரர் கோட் சொல்கிறது. சென்சார் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. முதலில் சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்சிலேட்டருக்கேற்பக் காற்று வழியைத் திறக்கும் பாகம்) நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். அதன் மடிப்புகளை விரலால் விரித்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஆடும்போதுதான் வாயைத் திறக்கும். அந்த வழியாக நுழையும் காற்று சென்சாரின் கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோலும் வராது. கலவை மெலிந்து எஞ்சின் உதறும்.

கேள்வி: கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தாலே தெரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: பாதி தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். சென்சார் இல்லாவிட்டால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்துத் தோராயமாகப் பெட்ரோல் கொடுக்கும். உதறல் குறைந்தால் சென்சார் மீதும் அதன் ஒயரிங் மீதும் சந்தேகப்படலாம். மாற்றமே இல்லையென்றால் பிளக், காயில், வேக்கம் லீக் (சென்சாரைத் தாண்டிக் காற்று உள்ளே நுழையும் ஓட்டை) பக்கம் போங்கள். சில வண்டிகள் கழற்றியதும் நின்றேவிடும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். செக் எஞ்சின் லைட் எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ப்ளூடூத் ஸ்கேனர் வைத்திருக்கிறேன். எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், ஏசியை அணைத்துவிடுங்கள். ஐடிலில் காற்றளவு, எஞ்சின் எத்தனை லிட்டரோ ஏறக்குறைய அத்தனை கிராம் ஒரு வினாடிக்கு வரும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை.

அடுத்து ஃப்யூவல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்ற எண். ஷார்ட் (அந்த நேரத் திருத்தம்), லாங் (நாளடைவில் பதிந்த திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஐடிலில் +20, அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +3 என்று இறங்குகிறதா? வேக்கம் லீக்தான். ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் ப்ளஸ்ஸில் ஏறினால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் திணறுகிறது.

இந்த இரண்டில் எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 100 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும், அதாவது சுமார் 120 கிராம். நடைமுறையில் 100 கிராம் வந்தால் சரி. ஆள் நடமாட்டமில்லாத, பாதுகாப்பான இடத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஓட்டும்போது 65தான் வருகிறது என்றால் சென்சார் பொய் சொல்கிறது. ஏர் ஃபில்டரோ சைலன்சர் பக்கமோ அடைத்திருந்தாலும் இப்படி வரும். அதைப் பார்த்துவிட்டு சென்சாரைக் குறை சொல்லுங்கள். 100 வந்தும் ட்ரிம் ஏறினால் பம்பைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்கேனர் இல்லை. மல்டிமீட்டர் மட்டும் போதுமா?

பதில்: போதும் தம்பி, ஆனால் ஒயரிங் டயக்ராம் வேண்டும், பின் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். கனெக்டர் மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளக்கவும், ஒயரைக் குத்தாதே. பெரும்பாலான ஹாட் ஒயர் (சூடான கம்பியால் காற்றை அளக்கும்) சென்சாருக்கு சப்ளை பின்னில் பேட்டரி வோல்டேஜ் வரவேண்டும். சிக்னல் ஐடிலில் 1 வோல்ட் பக்கமாக இருந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க விட்டுவிடாமல் ஏற வேண்டும்.

ஃப்ரீக்வன்சி வகை (சிக்னலைத் துடிப்புகளாக அனுப்பும்) சென்சார் என்றால் மீட்டர் 2.5 வோல்ட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். இதைப் பார்த்து நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். மீட்டரை ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார். கடைசியாக, எஞ்சின் ஓடும்போது ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சென்சாரை லேசாகத் தட்டு. தட்டும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறினால் சென்சாருக்குள்ளோ கனெக்டரிலோ லூஸ் கான்டாக்ட். கனெக்டரை மட்டும் அசைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடாது. மேஃப் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். கம்பியை விரலோ பஞ்சோ தொடக்கூடாது, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். எண்ணெய் தடவும் ஃபில்டர் போட்டிருந்தால் மறுபடி அழுக்காகும்.

கேள்வி: என் வண்டியில் இந்த சென்சாரையே காணோமே?

பதில்: மேப் சென்சார் வண்டியாக இருக்கும். அது மேனிஃபோல்டு (த்ராட்டிலுக்குப் பின் காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) அழுத்தத்தை அளப்பதால் லீக் காற்றும் கணக்கில் வந்துவிடும். அதனால் லீக் இருந்தால் பெரும்பாலும் ஐடில் ஏறி நிற்கும்.

கேள்வி: டீசல் வண்டி ஐடிலில் உதறினாலும் இதே சோதனைதானா?

பதில்: இல்லை. டீசலில் இந்த சென்சாரின் முக்கிய வேலை இஜிஆரையும் (வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) புகையையும் கட்டுப்படுத்துவது. ஐடில் உதறலுக்கு முதலில் இன்ஜெக்டர்களைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றியதும் உதறல் நின்றால் இஜிஆர் வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சென்சார் இல்லையென்றதும் ஈசியு இஜிஆரை நிறுத்திவிடும்.