திரும்பிப் போனீர்களா?

அன்புள்ள ஐயா,
மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார். ஐந்து மாதக் குழந்தையைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அழுததும் தூக்கினால் கெட்டுப்போகும் என்கிறார்கள். எத்தனை நிமிடம் அழவிடலாம்? நேரம் குறிக்க நல்ல செயலி உண்டா? போன வாரம் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டு, தொட்டிலில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அது மனதில் வடுவாகத் தங்கிவிடுமா?
ஆர்.

அன்புள்ள ஆர்,

செயலியை விடுங்கள். தூக்கினால் கெட்டுப்போகும் என்பது பழைய பல்லவி. 1928-லேயே ஜான் வாட்சன் என்ற உளவியலாளர், பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று புத்தகம் எழுதினார். ஐந்து மாதக் குழந்தைக்கு உங்களை ஏய்க்கத் தெரியாது. தன் பதற்றத்தைத் தானே அடக்கவும் தெரியாது. அதுவரை உங்கள் தோளும் குரலும்தான். தூக்குங்கள்.

ஆனால் அந்த 'வடு'வை எங்கே பிடித்தீர்கள்? சில வாரங்களாக இதே சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகனுக்கு இப்போது கைக்குழந்தை. அவனும் இதையே கேட்டான்.

1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். இந்தப் பாதியை வைத்துத்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மீதியையும் பாருங்கள் ஐயா! அம்மாவின் முகம் மறுபடி மலர்ந்ததும் குழந்தை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் சேர்ந்துகொள்ளும். நன்றாக ஒட்டிப்போகிற தாயும் சேயும்கூட, முகம் பார்த்து விளையாடுகையில் ஒத்திசைவது சுமார் 30 சதவீத நேரம்தான் என்று சொன்னவரும் அவரே. மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதும்தான். குழந்தை கற்பது அந்த மறுபடியைத்தான்.

அப்போது என் மகனுக்கு மூன்று மாதம். நடுராத்திரியில் நானும் கத்தினேன். படுக்கவைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். (கை நடுங்குகிற அளவு கோபம் வந்தால் பத்திரமாகக் கிடத்திவிட்டு விலகுவதே சரி, குலுக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.) திரும்பி வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். அவன் உள்ளங்கையில் என் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தலையைத் திருப்பினான். இன்று அவனுக்கு அந்த ராத்திரி பற்றி ஒன்றும் தெரியாது. என்னால்தான் மறக்க முடியவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. விட்டுப்போனதை விரிவாக எழுதிய நீங்கள், திரும்பிப் போனதும் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எப்படித் தூக்கினீர்கள்? உங்களை எப்படிப் பார்த்தது? அதை எழுதி அனுப்புங்கள்.