வயிற்றில் தொடங்காத வயிற்றுவலி

கேள்வி: என் கணவருக்கு வயது 43. சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வீட்டின் முன் அறையிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பத்து மாதங்களாக அவருக்கு அடிக்கடி வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்தால்தான் கொஞ்சம் இதம். நான்கைந்து நாள் மலம் போவதில்லை. எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன் மூன்றும் எடுத்தாயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் மட்டும் 9.1. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. ஆடியில் வேலை குறைந்தபோது வலியும் குறைந்திருந்தது. தீபாவளி ஆர்டர் வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு மருத்துவர் மன அழுத்தம் என்கிறார். இன்னொருவர் வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்கிறார். என் மாமியாரோ, "போன வருஷம் அந்தக் காரீய உலையை வைத்த நாளிலிருந்துதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய வெள்ளியையும் அரப்பொடியையும் வாங்கிக் காரீயம் சேர்த்து உருக்கிச் சுத்தம் செய்யும் வேலையைப் போன வருடம்தான் தொடங்கினார். எங்கள் 4 வயது மகனும் எந்நேரமும் பட்டறையில் அவர் கூடவேதான் இருப்பான். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது சம்மதிக்க வேண்டாம். ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அது முடியும்வரை கத்தி காத்திருக்கலாம். ஆனால் இடையில் காய்ச்சலோடு வலி வந்தாலோ, வாந்தி பச்சையாகப் போனாலோ, வயிறு பலகைபோல் விறைத்தாலோ, காற்றுகூடப் பிரியாமல் உப்பினாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பொடி வைத்து ஊதுவது பட்டறைக்காரர்களின் தொழில். நான் பொடி வைக்காமலே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த சந்தேகம் காரீய நஞ்சு. உங்கள் மாமியார் எங்களை எல்லாம் முந்திக்கொண்டுவிட்டார். மூன்று பரிசோதனை செய்தவர்களில் ஒருவராவது "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், அதற்கு "வெள்ளி வேலை" என்ற பதிலோடு நிற்காமல் "வெள்ளியில் என்ன வேலை?" என்றும் கேட்டிருந்தால், இது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புறநோயாளிப் பிரிவில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது நானும் கேட்கத் தவறியிருக்கிறேன்.

எதை வைத்துச் சந்தேகப்படுகிறேன் என்றால், அந்தத் தலையணைதான் முதலில். குடல்வால் அழற்சியோ, குடல் ஓட்டையோ இருப்பவர் வயிற்றில் கை வைக்கவே விடமாட்டார். காரீயத்தால் வரும் வலி நேர்மாறானது. வலிக்கிறவர் துடிப்பார், ஆனால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், அழுத்தினால் சுகமாகவும் இருக்கும். குடலின் தசைகள் கட்டுப்பாடில்லாமல் இறுகிப் பிடித்துக்கொள்வதால் வருகிற வலி அது. அதனால்தான் மலமும் இறங்குவதில்லை. கேமராவில் பார்த்தால் குடலின் உள்சுவர் அழகாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே புண் ஏதுமில்லை. ஸ்கேன் குடலின் உருவத்தைக் காட்டும். ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று காட்டாது.

அடுத்தது ஹீமோகுளோபின். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஹீம் என்ற பொருள் படிப்படியாக உருவாகிறது. அந்தப் படிகளில் இரண்டு மூன்று இடங்களில் காரீயம் போய்க் குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. கடைசிப் படியில் இரும்பைப் பொருத்த வேண்டிய நொதியையும் அது முடக்கிவிடுகிறது. இரும்பு வந்து வாசலில் நிற்கும், உள்ளே விட ஆள் இருக்காது. மாத்திரை சாப்பிட்டும் ஏறாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

பிறகு ஆடி மாதம். உலை அணைந்திருந்தபோது வலியும் அணைந்திருந்தது. மன அழுத்தம் என்றால், வேலை இல்லாமல் வருமானம் குறைந்த ஆடியில்தானே அது கூடியிருக்க வேண்டும்?

அவர் செய்யும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வெள்ளியில் செம்பும் பற்றவைத்த பொடியும் கலந்திருக்கும். அதோடு காரீயத்தைச் சேர்த்துப் புடமிட்டால், காரீயம் காற்றுப் பட்டு மிருதாரசிங்கி என்ற காரீய ஆக்சைடாக மாறி, அந்தக் கலப்படங்களையும் இழுத்துக்கொண்டு புடமிடும் கிண்ணத்துக்குள் ஊறிவிடும். நடுவில் வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் செய்துவரும் அருமையான நுட்பம் இது. சிக்கல் சூட்டில் இருக்கிறது. காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் காரீயம் புகையாக எழும்பி, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சுவரிலும் தரையிலும் சட்டையிலும் படியும். மூக்கில் கட்டும் கைக்குட்டையால் அதைத் தடுக்க முடியாது. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி கழுவிக்கொண்டு போய்விடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். மூச்சில் போன காரீயம் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது; வாழைப்பழம் அந்த வழியில் போவதே இல்லை.

மருத்துவத்துக்கு இது புதிய செய்தியும் அல்ல. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆண்டுதோறும் ஆப்பிள் மது இறக்கும் பருவத்தில் இப்படியே முறுக்கும் வயிற்றுவலி ஊர் முழுக்கப் பரவும். ஆப்பிளின் புளிப்பு என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஆப்பிள் பிழியும் செக்குகளில் பூசியிருந்த காரீயம்தான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-ல் எழுதினார். மது தயாரித்தவர்கள் அவர்மீதே பாய்ந்தார்கள். தொழிலைக் குறை சொன்னால் எந்த ஊரிலும் அப்படித்தான்.

இனி செய்ய வேண்டியது. ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். முழு உடல் பரிசோதனை என்று விற்கும் பேக்கேஜ்களில் இது பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்க வேண்டும். உலோகக் கலப்பு இல்லாத தனிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். சேலத்தில் உள்ள பெரிய ஆய்வகங்கள் எடுத்து வெளியூருக்கு அனுப்பித் தருவார்கள், சில நாட்கள் ஆகும். கூடவே ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பெரிஃபெரல் ஸ்மியர் என்ற சாதாரணப் பரிசோதனையும் செய்யுங்கள். சிவப்பணுக்களுக்குள் நீலப்புள்ளிகள் தெளித்தாற்போல இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டால் காரீயம் இல்லை என்று ஆகிவிடாது. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தாலே எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிறு முறுக்கும் அளவுக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலும் 40, 50-ஐத் தாண்டியிருக்கும். 80-க்கு மேலும் பார்க்கிறோம்.

இதற்கிடையில் அவர் வாயை நல்ல வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும், அது கணக்கில் இல்லை. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் மட்டும் பென்சிலால் இழுத்ததுபோல நீலம் கலந்த கோடு இருக்கிறதா? பல் விழுந்த இடத்தில் அந்தக் கோடு விட்டுப்போயிருக்கிறதா? ஹென்றி பர்ட்டன் என்ற மருத்துவர் 1840-ல் கவனித்துச் சொன்ன அடையாளம் அது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். தொய்ந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மலச்சிக்கலுக்கென்று பெயர் ஒட்டாத டப்பாவில் செந்தூரமோ பற்பமோ வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பவரானால் அதையும் சொல்லுங்கள். அசல் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதனால் கெடுதல் இல்லை. மலிவுக்காகக் காரீயம் கலந்ததில் புளித்தண்ணீர் கொதித்தால்தான் வம்பு.

அளவு அதிகம் என்று வந்தால் காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவமனையில், சிறுநீரகத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டியவை அவை. யாருக்குத் தேவை என்பதை அளவையும் அறிகுறியையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். அதற்கு முன்னால் உலை நிற்க வேண்டும். ஒரு பக்கம் புகையை இழுத்துக்கொண்டே மறுபக்கம் மருந்தை ஏற்றுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான். உடம்பில் ஏறிய காரீயத்தில் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கிப் பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆகவே ஒரு முறை அளவு குறைந்ததும் மறந்துவிடக் கூடாது.

காரீயம் இல்லை என்று வந்தால்? அப்போதும் உடனே கத்திக்குப் போக வேண்டாம். போர்ஃபிரியா என்று ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. காரீயம் எந்த ஹீம் வழியைக் குழப்புகிறதோ, அதே வழியில் பிறவியிலேயே குறை. வலி கிட்டத்தட்ட இதேபோல இருக்கும். சிறுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்தில் வைத்தால் சிவந்து கறுக்கும். பட்டினியும் சில மாத்திரைகளும் அதைத் தூண்டிவிடும். வலி ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருந்தால், மல்லாந்து படுத்து அந்த இடத்தில் விரலை அழுத்திக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போது வலி கூடினால் கோளாறு குடலில் இல்லை, வயிற்றுச் சுவரின் நரம்பில். மரத்துப்போகும் ஊசி ஒன்றே பலருக்குப் போதும். உங்கள் கணவர் தொப்புளைச் சுற்றி என்று சொல்வதால் இது பொருந்தாது. ரத்தத்தில் கால்சியம், சர்க்கரை, தைராய்டு இவை பார்த்தாயிற்றா என்று கோப்பைப் புரட்டிப் பாருங்கள். பார்க்காவிட்டால் அதே ஊசியில் அதையும் சேர்த்துவிடலாம்.

கேள்வி கேட்காமல் வயிற்றைத் திறந்து நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் குடல் அடைப்போடு வந்தார். வயது எழுபதுக்கு மேல். கட்டி என்றே நினைத்தோம். சிறுகுடலை வெட்டினால் எலுமிச்சை அளவில் நார் உருண்டை. பல் இல்லாதவர்; ஆரஞ்சுச் சுளைகளை மெல்லாமல் அப்படியே விழுங்கியிருக்கிறார். அது மட்டும் போதாது. 1970-களில் அல்சருக்காக அவருக்கு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அது மிகச் சாதாரணம். அதற்குப் பிறகு இரைப்பையில் அமிலமும் அரைக்கும் வலுவும் குறைந்துவிடும், நார் திரண்டு உருண்டையாகும். வயிற்றில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தேன். என்ன அறுவை என்று கேட்கவில்லை. அவருக்கு அறுவை எப்படியும் தேவைப்பட்டிருக்கும், ஆனால் எதைத் தேடிப் போகிறேன் என்று தெரிந்து போயிருப்பேன்.

பட்டறைக்கு வருகிறேன். காரீய நஞ்சு தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். ஆனால் வீட்டு முன்னறையில் நடக்கும் உலை அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வருவதில்லை. எனவே உங்கள் காவலை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. கொலுசு வேலையை விடச் சொல்லவில்லை. காரீய உருக்கு வேலையை மட்டும் நிறுத்துங்கள். புகைபோக்கியும் உரிய வசதியும் உள்ள சுத்திகரிப்பாளரிடம் கொடுத்து வாங்கினால் சேதாரம் கொஞ்சம் போகும், போகட்டும். முன்னறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். சுவரிலிருந்து தரைவரை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். அவர் வேலைச் சட்டையைத் தனியாக அலசுங்கள். பட்டறையில் டீ, பீடி, வெற்றிலை வேண்டாம். வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக உறிஞ்சப்படும். சாப்பிடாமல் வேலையில் உட்கார வேண்டாம்.

இவ்வளவும் உங்கள் கணவருக்காக எழுதினேன். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது, மகனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. விழுங்கும் காரீயத்தில் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சுகிறது. தரையில் தவழ்ந்த கையை வாயில் வைப்பது அந்த வயதின் இயல்பு. குழந்தைக்கு வயிறு வலிக்க வேண்டும் என்று அவசியமில்லை. எந்த அறிகுறியும் காட்டாமல் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது இது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. நீங்கள் கருவுற்றிருந்தாலோ, அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருந்தாலோ, உங்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்; காரீயம் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும்.

ஆகவே ஆய்வகத்துக்கு அவர் தனியாகப் போக வேண்டாம். மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஊசிக்கு அவன் அழுவான், அழட்டும். இருவருடைய முடிவுகளும் கைக்கு வந்ததும், சி.டி. அறிக்கையோடு சேர்த்து ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் இரண்டு எண்களையும் எழுதுங்கள்.