பழைய மானிட்டரில் ஒரு கண்ணாடித் திரை: ரிப்பேர் கடைப் பதில்கள்

கேள்வி: ஏழு ரோட்டுப் பக்கம் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறோம். பில் போட்டுக்கொண்டிருந்த 17 இன்ச் எல்சிடி மானிட்டர் இப்போது சும்மா கிடக்கிறது. பின்பக்கத்தைக் கழற்றினால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் என்கிறார்களே? உள்ளே சாக்லேட், அதற்கு முன்னால் ஓடும் எழுத்து என்று ஒரு ஷோகேஸ் செய்ய ஆசை.
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: செய்யலாம் தம்பி. நானே ஒன்று செய்து கடை வாசலில் இரண்டு சீசன் வைத்திருந்தேன். டிவி ரிப்பேருக்கு வந்தவர்களைவிட அதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம்.

பழைய குண்டு டிவியில் திரையே ஒளிரும். எல்சிடி அப்படி இல்லை, வெளிச்சம் முழுக்கப் பின்னால் இருக்கும் விளக்கினுடையது. முன்னால் இருக்கும் கண்ணாடித் திரையைத்தான் பேனல் என்போம். அதன் வேலை அந்த வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக விடுவதும் மறிப்பதும்தான். வெள்ளை என்றால் ஜன்னல் திறந்திருக்கிறது, கறுப்பு என்றால் சாத்தியிருக்கிறது. அதனால் உங்கள் விளம்பரத்தை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகச் செய்யுங்கள். கறுப்புப் பின்னணி வைத்தால் சாக்லேட் காணாமல் போய்விடும்.

திறந்த ஜன்னல் என்றேனே, அது கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார் ஜன்னல் மாதிரிதான். பேனலின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் படலங்கள் பாதி வெளிச்சத்துக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளுக்குப் போய்விடும். பின்னாலிருந்து வருவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வந்து சேராது. ஆகவே சும்மா மேசையில் நிறுத்தி வைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு பெட்டி அடித்து, உள்ளே முழுக்க வெள்ளை பெயின்ட் பூசி, நான்கு ஓரமும் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டுங்கள். தாராளமாகவே ஓட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். மேலே காற்றுப் போக நாலு துளை போடுங்கள். நம் ஊர்க் குளிரை நம்பி மூடி வைத்தால் மதியத்துக்குள் சாக்லேட் நெளிந்துவிடும்.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. பிளக்கைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பழைய மானிட்டர் என்பதால் உள்ளே விளக்காக இருப்பது ட்யூப்தான், பேனா ரீஃபில் கனத்தில் இருக்கும். அதில் கொஞ்சம் பாதரசம் உண்டு. பாதரசக் கழிவுப் பிரச்சினையில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடிய கதை தெரிந்த ஊருக்குப் பாதரசத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உடைக்காமல் தாளில் சுற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். இன்னொன்று, ட்யூப் வயரைக் கழற்றிய சாக்கெட்டில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் வரலாம். போர்டை அதன் தகர மூடிக்குள்ளேயே வையுங்கள், குழந்தைகள் கை போகாத இடத்தில்.

அப்புறம் பேனல். சட்டத்தைக் கழற்றினால் அதற்குப் பின்னால் வெள்ளை ஷீட்களும் தடித்த அக்ரிலிக் பலகையும் வரும். அவை வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய ரிப்பன்கள் பேனலையும் நீளமான போர்டையும் இணைக்கும். நான் முதல் பேனலைப் பாழாக்கியது இங்கேதான். ஏதோ லாட்ஜ்காரர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியே வராத மானிட்டர் அது. பேனலைத் தூக்கினேன், போர்டு கீழே தொங்கியது, அவ்வளவுதான். திரையில் மேலிருந்து கீழே ஒரு பட்டை அளவுக்குப் படமே இல்லை. அந்த ரிப்பனைச் சால்டர் வைத்து ஒட்ட முடியாது. ஆகவே போர்டையும் பேனலையும் சேர்த்தே தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பேனலின் முன்பக்கப் பூச்சு சொரசொரப்பாக இருப்பதால் தள்ளி இருக்கும் பொருள், பனி இறங்கிய நேரத்தில் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பதுபோல மங்கலாகத்தான் தெரியும். சாக்லேட்டைப் பேனலுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள், போதும். ஈரத்துணி போட்டு அந்தப் பூச்சை உரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு போலரைசரும் உரிந்து வந்தால் படம் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கேள்வி: நானும் இப்படி ஒரு மானிட்டரைப் பிரித்தேன். பேனல் கன்னங்கரேலென்று இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி, தாண்டிக்குடி

பதில்: கெடவில்லை, தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிஎன் வகைப் பேனல் கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும். ஐபிஎஸ், விஏ வகைகள் கரண்ட் இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். உங்களுடையது இரண்டாவது ரகம். மின்சாரம் கொடுத்து வெள்ளைப் படம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள், திறந்துகொள்ளும்.

மேலே கேட்ட சாக்லேட் கடைத் தம்பிக்கும் இது உதவும். அந்தக் காலத்து 17 இன்ச் மானிட்டர் பெரும்பாலும் டிஎன்தான். காற்றடிக்கும் மாதத்தில் கரண்ட் போனால் எழுத்து மட்டும்தான் போகும். பெட்டிக்குள் ஒரு பேட்டரி விளக்கை வைத்துவிட்டால் சாக்லேட் தெரிந்துகொண்டே இருக்கும்.