டிரம்ஸுக்கும் ஒரு சீட்

வணக்கம் சார்,

அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பாடகர் சொந்தமாக போயிங் வைத்துக்கொண்டு, அதைத் தானே ஓட்டிக்கொண்டு நாடு நாடாகப் போனார் என்கிறார்கள். பாட்டைவிடப் பவிசுதானே இதில் அதிகம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

பவிசே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க ஜனாதிபதியின் 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' விமானப் பெயரைக் கிண்டலடித்து, குழுவின் சின்னமான எட்டி பொம்மையின் பெயரால் 'எட் ஃபோர்ஸ் ஒன்' என்று பெயர் வைப்பவர்கள் அடக்கமானவர்களா என்ன! ஆனால் அது சொந்த விமானம் இல்லை, வாடகை. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அப்போது அதை வாடகைக்குக் கொடுத்த அஸ்ட்ரேயஸ் விமான கம்பெனியிலேயே சம்பளத்துக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

விஷயம் லக்கேஜில் இருக்கிறது. ஐரோப்பாவில் என்றால் கச்சேரி முடிந்ததும் சாமான்களை லாரியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் போய்விடலாம். மும்பையிலிருந்து பெர்த்துக்கு எந்த லாரி போகும்? கப்பல் என்றால் வாரக்கணக்கு. அதனால் 2008இல் ஒரு போயிங் 757இன் பின்பக்க சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆம்ப், டிரம்ஸ், மேடைச் சாமான் என்று சுமார் 12 டன்னை அங்கே அடைத்தார்கள். முன்பக்கம் பாடுகிறவர்களும் வேலையாட்களும். பிப்ரவரி 1 மும்பையில் தொடங்கி, மார்ச் நடுவில் டொராண்டோவில் முதல் சுற்று முடிந்தது. ஒன்றரை மாதத்துக்குள் ஆஸ்திரேலியா, ஜப்பான், மெக்சிகோ, கோஸ்டாரிக்கா, கொலம்பியா, பிரேசில்! சரக்குக் கூலியைக் கணக்குப் போட்டால் இதில் பாதி ஊர் கழன்றுவிடும்.

இந்தப் பயணத்தைப் பற்றிய 'ஃப்ளைட் 666' ஆவணப்படத்தில், கொலம்பியத் தலைநகர் பொகோட்டா பகுதியை மட்டுமாவது பாருங்கள். கச்சேரி முடிந்து ஒரு ரசிகர், மேடையிலிருந்து வந்த டிரம் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நிற்கிறார். அவரிடம் போய்ப் பவிசு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் டிக்கின்சனுக்கு நாக்கில் புற்றுநோய் என்று 2015இல் அறிவித்தார்கள். குணமானதும் போயிங் 747 ஓட்டப் பயிற்சி எடுத்தார். 2016 பயணத்துக்கு அந்தப் பெரிய விமானம்தான். அடியில் சரக்குக்குத் தாராளமாக இடம் உண்டு, சீட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த மார்ச்சில் சிலியின் சான்டியாகோவில் எரிபொருள் நிரப்ப இழுத்துப்போகும்போது, அது இழுவை வண்டியின்மேலேயே மோதி இரண்டு எஞ்சின்கள் சேதமாயின. ஊழியர்கள் இருவருக்குக் காயம். அடுத்த கச்சேரி அர்ஜென்டினாவின் கோர்டோபாவில். சாமான்களை வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்த்து, சொன்ன தேதியில் பாடினார்கள்.