மாற்றுத்திறனாளி மகனின் பயிற்சி உதவித்தொகைக் கணக்குக்கு வங்கியில் நீதிமன்ற உத்தரவு கேட்கிறார்களா?

நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் 19 வயது மகனின் பேக்கரிப் பயிற்சி உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழே போதும். ரிசர்வ் வங்கியும் அதை ஏற்கச் சொல்லியிருக்கிறது.

பெரும்பாலும் சிக்கல் கையெழுத்தில்தான் இருக்கும். என் தங்கை 'ல'வுக்கு ஒரு நாள் ஒரு சுழி, மறுநாள் மூன்று சுழி போடுவாள். காசாளர் முகம் சுளித்தார். கைரேகை வைத்ததும் வேலை முடிந்தது. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். பணம் எடுப்பது புரிகிற பிள்ளைக்குப் பாதுகாவலர் எதற்கு?

சான்றிதழ்தான் வேண்டுமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். பாதுகாவலரானால் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ரசீதுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.