காத்தாடிக்குள்ள என்னதான் இருக்கு? கேட்டதும் சொன்னதும்

பதினோரு வருஷம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை மெயின்டனன்ஸ் பார்த்தேன். இப்போ பெங்களூருவில் ஏசி அறையில் உட்கார்ந்து, அதே மாதிரி மெஷின்களை ஸ்கிரீனில் பார்க்கிற வேலை. இங்கே நம்ம ஆட்கள் போன வாரம் ஹம்பி போய், வழியில் காற்றாலைகளைப் பார்த்துத் திரும்பினதிலிருந்து கேள்வியாய்க் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அல்சூர் அக்கா: சித்ரதுர்கா பக்கம் மலை மேல வரிசையா நிக்குதே, அதுல பாதி சுத்துது, பாதி சும்மா நிக்குது. எல்லாம் ரிப்பேரா?

சிலது ரிப்பேர்தான் அக்கா, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா எல்லாம் இல்லை. காற்று விநாடிக்கு 3 மீட்டராவது, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டராவது அடிக்கணும். அதுக்குக் கீழே மெஷின் எழுந்திருக்காது. 11, 12 மீட்டர் வந்தால் முழு உற்பத்தி. அதுக்கு மேல எவ்வளவு அடித்தாலும் கூடுதலாக ஒரு யூனிட் கிடையாது. இறக்கைகள் லேசாகத் திரும்பி மிச்சக் காற்றை வழுக்கி விட்டுடும். 25 மீட்டரைத் தொட்டால் பெரும்பாலான மெஷின்கள் தானாகவே நின்றுவிடும்.

சில நாள் காற்றும் நல்லாயிருக்கும், மெஷினும் நல்லாயிருக்கும், ஆனா கிரிட்டில், அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு போற லைன் வலையில், இடம் இல்லை, நிறுத்துங்கன்னு உத்தரவு வரும். எங்களுக்கு வயிறு எரியும்.

ஜலஹள்ளி சார்: நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுதான் சுத்துது. அதுல எப்படி கரண்ட்?

மெதுவாகத் தெரிகிறது கண்ணோட ஏமாற்று சார். 60 மீட்டர் இறக்கை நிமிஷத்துக்கு 12 தடவை சுற்றினால் அதோட நுனி மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகுது. ஆனா நடுத்தண்டுக்கு அந்த 12 சுற்றுதான். சாதாரண ஜெனரேட்டருக்கு 1,500 சுற்று வேணும். நடுவில் கியர்பாக்ஸ், 12-ஐ 125 மடங்காக்கினால் 1,500. சைக்கிளில் பெரிய பல்சக்கரம் சின்னதை ஓட்டுற அதே கதைதான், இங்கே டன் கணக்கில். மெஷினில் எங்களை அதிகம் படுத்தினதும் இதுதான். ஒரு பேரிங் போனால் கிரேன் வரணும், கிரேன் வரக் காற்று அடங்கணும். சீசனில் அது எங்கே அடங்குது?

கியர்பாக்ஸே இல்லாத மெஷினும் உண்டு. அதில் ஜெனரேட்டர் பெரிய வளையமாக, நிறையக் காந்தங்களோடு இருக்கும். மெதுவாகச் சுற்றினாலே போதும். எப்படியானாலும் வெளியே வருவது பெரும்பாலும் 690 வோல்ட். டிரான்ஸ்பார்மர் அதை 33,000 வோல்ட்டாக்கி லைனில் விடும்.

பத்தாம் வகுப்புப் பாப்பா: காத்து இறக்கையைத் தள்ளுறதால சுத்துதா அங்கிள்?

தள்ளுறதைவிடத் தூக்குறதுதான் அதிகம் பாப்பா. இறக்கையைக் குறுக்கே வெட்டினால் விமான இறக்கை மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும், இறக்கை அந்தப் பக்கம் இழுபடும். இறக்கை நெடுக ஒரு முறுக்கு இருக்கும், கவனிச்சியா? நுனி வேகமாகப் போகுது, அடி மெதுவாகப் போகுது. அதனால காற்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கோணத்தில் வந்து படும். அதுக்குத்தான் முறுக்கு. மேலே கண்ணாடி இழை, உள்ளே பல இடத்தில் பால்சான்னு தக்கை மாதிரி லேசான மரம்.

அதே பாப்பா: வர்ற காத்து முழுசையும் பிடிக்க முடியாதா?

முடியாது. மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினவங்க எல்லாரும் வாசலிலேயே நின்னுட்டா பின்னால வர்றவங்க எப்படி ஏறுவாங்க? சக்தி முழுசையும் எடுத்துட்டா காற்று இறக்கைக்குப் பின்னாடியே நின்னுடும், அடுத்த காற்றுக்கு வழி இருக்காது. உச்சவரம்பு 59.3 சதவீதம்னு 1919-லேயே ஆல்பர்ட் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் கணக்குப் போட்டுட்டார்.

ஜெயநகர் அண்ணாச்சி: மொட்டை மாடியில சின்னதா ஒண்ணு வெச்சா கரண்ட் பில் குறையுமா?

வேண்டாம் அண்ணாச்சி. காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிடும். வீடுகளுக்கு நடுவில் 3 மீட்டர் காற்றில், ஒரு மீட்டர் விட்டமுள்ள காத்தாடி நாலு வாட் கொடுத்தாலே பெரிசு. 9 வாட் பல்பு ஒண்ணு எரியாது. பக்கத்துக் கட்டடம், தண்ணித் தொட்டி எல்லாம் காற்றைக் கலக்கி விடும். போதாததுக்கு பெங்களூரு 900 மீட்டர் உயரம், காற்றே கொஞ்சம் மெலிசு. அந்தக் காசுக்கு சோலார் போடுங்க.

கோரமங்களா தம்பி: காத்தாடியை ஓட்டவே கரண்ட் வேணுமாமே, நிஜமா?

நிஜம். சிரிக்காதே. மேலே பஸ் அளவு பெட்டி இருக்கே, நாசெல், அதைக் காற்றுப் பக்கம் திருப்ப மோட்டார்கள். இறக்கையை அதனதன் அச்சில் திருப்பத் தனி மோட்டாரோ ஹைட்ராலிக்கோ. கூரையில் காற்றின் வேகமும் திசையும் அளக்கிற கருவிகள், கீழே கன்ட்ரோல் பெட்டி. காற்று இல்லாத நேரத்தில் இதுக்கெல்லாம் கரண்ட் கிரிட்டிலிருந்துதான்.

நான் வேலைக்குச் சேரும்போது காற்றைப் பிடிக்கிறதுதான் சாமர்த்தியம்னு நினைச்சேன். ஏறி ஏறி இறங்கின பிறகுதான் புரிஞ்சது, பாதி சாமான் காற்றை விடுறதுக்குத்தான் இருக்கு. உதாரணம், திடீர்னு கிரிட் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ. சுமை இல்லாத ஜெனரேட்டர், மேல நல்ல காற்று. அப்படியே விட்டால் வேகம் கன்னாபின்னான்னு ஏறும். அதனால ஒவ்வொரு இறக்கைக்கும் பேட்டரியோ வேறு ஏற்பாடோ தனியா இருக்கும். அது இறக்கையைக் காற்றுக்குக் கத்திமுனை மாதிரி திருப்பிடும். மூணில் ஒண்ணு திரும்பினாலே வேகம் நல்லா இறங்கும். டிஸ்க் பிரேக்கை நம்பி இல்லை. பெரிய மெஷினில் அது பெரும்பாலும் நின்னதை நிறுத்தி வைக்கத்தான்.

இன்னொண்ணு. நாசெல் ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்தால் டவருக்குள் தொங்குற கேபிள் கிணத்துக் கயிறு மாதிரி முறுக்கேறும். சில சுற்று ஆனதும் மெஷினே நின்னு, எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கும். முதல் தடவை பார்த்தப்போ கெட்டுப்போச்சுன்னு பயந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவர் சிரிச்சது இன்னும் காதில் இருக்கு.

மல்லேஸ்வரம் மாமி: ஏன் மூணு இறக்கை?

ரெண்டு வெச்சா செலவு குறைவு, ஆட்டம் அதிகம். நாலு வெச்சா செலவு கூடும், லாபம் சொற்பம்.

ஒயிட்ஃபீல்ட் நண்பர்: எங்க ஊர் வள்ளியூர் பக்கம். காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சுன்னு எங்க சித்தப்பா சொல்றார்.

இதை நானும் டீக்கடையில் நூறு தடவை கேட்டிருக்கேன். இறக்கை நுனி மிஞ்சிப் போனா 200 சொச்சம் மீட்டர். மழை மேகம் கிலோமீட்டர் கணக்கில் உயரம். சித்தப்பா காரணத்தைத் தலைகீழா வெச்சிருக்கார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வறண்ட காற்றாப் பீய்ச்சி அடிக்குது. பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களிலும் இதே கதை. மழை மறைவுப் பகுதியில் காற்று மட்டும் பலமா இருந்ததால்தான் அங்கே காத்தாடி வந்தது.

அல்சூர் அக்கா மறுபடியும்: பிள்ளைகளுக்குக் காட்டணும், எப்போ போகலாம்?

ஜூன், ஜூலை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் வள்ளியூர் தாண்டும்போது எழுப்பிடுங்க. பழைய 250 கிலோவாட் குட்டி மெஷினும் புது மெகாவாட் மெஷினும் பக்கத்துப் பக்கத்துல நிற்கும், அப்பனும் பிள்ளையும் மாதிரி, பிள்ளைதான் உசரம். ஜன்னல் ஓரம் டீ கப்பை மட்டும் வைக்காதீங்க.