தலைமுழுகுதல்

கேள்வி: பாவமே இல்லாத இயேசு, யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றது ஏன்? ‘எல்லா நீதியையும் நிறைவேற்ற’ என்கிறாரே, அது என்ன நீதி? முழுக்கு, தெளிப்பு இரண்டில் எது சரி?

பதில்: முழுக்கு என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவரோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் ‘அவனைத் தலைமுழுகிவிட்டேன்’ என்கிறோம். எனக்கு அவன் செத்தவன் என்று அர்த்தம். ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் சாவைத்தான். ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார். தண்ணீருக்குள் போவது குழிக்குள் இறங்குவது, எழுந்து வருவது புது உயிர். ‘ஸ்நானம்’ என்றதும் அழுக்குப் போகக் குளிப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது, சாவு விட்டுப்போகிறது. கிரேக்கச் சொல்லுக்கும் முக்குதல், அமிழ்த்துதல் என்றே பொருள். அதனால்தான் ‘ஞானஸ்நானம்’ என்பதற்குப் பதிலாக ‘திருமுழுக்கு’ என்ற சொல்லுக்காக இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பேசுகிறேன். எத்தனை கண்டனக் கடிதம் வந்தாலும் இன்னும் பேசுவேன்.

அதற்காக, தெளித்தால் செல்லாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. டிடாக்கே என்ற மிகப் பழைய திருச்சபைக் கையேடு இதை எவ்வளவு எளிதாக முடித்துவிடுகிறது பாருங்கள்: ஓடுகிற தண்ணீரில் கொடு; அது இல்லையா, வேறு தண்ணீர்; குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர்; எதுவுமே போதாதென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. இந்தப் பெருந்தன்மை பிறகு எங்கே போனது? குழந்தைக்குக் கொடுத்தது போதாது, விசுவாசித்துத்தான் பெற வேண்டும் என்றதற்காக, 1527 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தார் ஃபெலிக்ஸ் மான்ஸைக் கைகால் கட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஞானஸ்நானத் தண்ணீரைக் கொலைக் கருவியாக்கியதை என்னால் ஆறிப்போன பழங்கதையாக நினைக்க முடியவில்லை.

சரி, நீதி. இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு நீதிமன்றமும் தண்டனையும்தான் தோன்றுகின்றன. திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கும் அப்படித்தான். ‘தேவநீதி’ என்ற சொல்லையே வெறுத்ததாக தன் லத்தீன் நூல்தொகுப்புக்கு 1545-இல் எழுதிய முன்னுரையில் சொல்கிறார். ரோமர் 1:17-ஐ இரவும் பகலும் போட்டுக் குடைந்த பிறகுதான், அது கடவுள் தண்டிக்கிற நீதி அல்ல, விசுவாசிக்கிறவனுக்குக் கொடுக்கிற நீதி என்று அவருக்குப் பிடிபட்டது. ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் என்ற சடங்கு அப்புறம்தான் வந்தது. சடங்கு முந்தவில்லை.

இனி, யோவான் ஞானஸ்நானம் கொடுத்த யோர்தான் ஆற்றுக்கு வருவோம். லூக்கா 3-ஐ எடுத்துப் படியுங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கரையில் நின்று ஜனங்கள் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார் யோவான். வரி வசூலிப்பவரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும். இதைக் கேட்க வேண்டியிருந்தவர்கள்தான் அன்று தண்ணீரில் இறங்கினார்கள். அதே தண்ணீரில்தான் இயேசுவும் இறங்க வந்தார். யோவானுக்குப் பொறுக்கவில்லை, தடுத்தார். ஆனால் அவர்களிடமிருந்து விலகி நிற்பது நீதி என்று இயேசு நினைக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நனைவதைத்தான் நீதி என்றார். கரையில் நின்றுகொண்டு அவர்களை எப்படி மீட்பது? “இப்பொழுது இடங்கொடு” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.